சாஞ்ச கோட்டுக்கு அந்தப் பக்கம்

பட்டாளத்துல இருந்தேன்னு சொன்னா போதும், எல்லாரும் உடனே துப்பாக்கியைப் பத்திக் கேக்க ஆரம்பிச்சிருவாங்க. நான் இப்ப தஞ்சோங் காராங்ல இருக்கேன். காலையில சுங்கை புரோங் வயல் பக்கம் நடக்கப் போவேன். கூட வர்ற பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள், "நீ எத்தனை பேரைச் சுட்டிருப்ப?"ன்னு ரொம்ப ரகசியமாக் கேட்டாங்க. அட போங்கக்கா! நான் சுட்டதெல்லாம் அட்டையில வரைஞ்ச ஆளைத்தான். அதுலயும் பாதிக் குண்டு மண்ணுக்குள்ள போயிரும். என் சேவை முழுக்க ஆபீஸ்லதான், பயிற்சிப் பதிவுப் பிரிவுல. யாரு எந்தக் கோர்ஸுக்குப் போனான், பாஸா பெயிலா, அடுத்து எதுக்குப் போகணும், அதைப் பாத்துக்கற வேலை. கடைசியில ஸ்டாஃப் சார்ஜனா ஓய்வு வாங்கினேன்.

சொன்னா அக்காவுக்குச் சப்புன்னு போயிருச்சு. ஆனா எனக்கு அந்த ஆபீஸை நினைச்சா இன்னைக்கும் ஏக்கமா இருக்கு. பொய் சொல்லல. சில நாள் காலையில கண்ணு முழிச்சதும் யூனிஃபார்ம் அயர்ன் பண்ணணுமேன்னு ஒரு பதற்றம் வரும். அப்புறம்தான் எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நினைவு வரும்.

எங்க கேம்பு அம்பாங் பெச்சா தாண்டி உள்ள போற ரோட்டுல இருந்துச்சு. பேரு வேணாம். மலையடிவாரம், விடியக்காலையில பனி இறங்கி திடலே தெரியாது. நான் பொறந்து வளந்தது ஜெராம் பக்கத்து எஸ்டேட்டு, உப்புக்காத்தும் புழுக்கமும். அதனால முதல் வாரம் சுவெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன், ஆபீஸ் பூரா சிரிச்சாங்க. சிரிக்கட்டும்னு விட்டுட்டேன்.

கேம்புல மூணு கட்டடம். ஒண்ணுல பாடம் எழுதறவங்க, இன்னொண்ணுல பாடம் நடத்தறவங்க, மூணாவதுல பதிவு வச்சுக்கற நாங்க. நடுவுல திடல். திடலைத் தாண்டி ஒருத்தரும் வரமாட்டாங்க, போகமாட்டாங்க. ஏதோ மூணு ஊரு மாதிரி. எழுதறவங்க ரேடியோப் பாடத்தைப் புது செட்டுக்கு மாத்தி எழுதி அழகா பைண்டு பண்ணி வச்சிருப்பாங்க. நடத்தறவங்களுக்கு யாரும் சொல்லலை, அவங்க பழைய செட்டையே போட்டு முறுக்கிக்கிட்டு இருப்பாங்க. நாங்க ரெண்டையும் கண்டுக்காம, அதுக்கு முந்தின காலத்துக் கோர்ஸ் பேர்ல சர்ட்டிபிகேட் அடிச்சுக் குடுப்போம். பையன் அதைத் தூக்கிக்கிட்டு அவன் யூனிட்டுக்குப் போனா, "இது என்ன கோர்ஸு? கேள்விப்பட்டதே இல்லையே"ன்னு அதிகாரி கேப்பாரு. திட்டு வாங்கறது பையன். எங்களுக்கு ஒண்ணும் ஆகாது, நாங்க தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருப்போம்.

இந்தக் கூத்து ஒரு நாள் பெரிய இடத்துக்குத் தெரிஞ்சு போச்சு. எழுதறது, நடத்தறது, பதிவு மூணையும் ஒரே கம்ப்யூட்டர் முறைக்குள்ள கொண்டு வரணும்னு உத்தரவு வந்துச்சு. மூணு கட்டடத்துல இருந்தும் ஒவ்வொரு ஆளைப் பிடிச்சு ஒரு அறையில போட்டாங்க. எழுதற பக்கம் ஒரு கேப்டன், மலாய்க்காரரு, குரலை ஒசத்திப் பேசி நான் கேட்டதே இல்ல. நடத்தற பக்கம் சரவாக்ல இருந்து வந்த, ஈபான் இனத்துச் சார்ஜன், அவரு மெதுவாப் பேசி நான் கேட்டதில்ல. பதிவுப் பக்கம் நான்.

முதல் மாசம் சண்டையைத் தவிர வேற ஒண்ணும் நடக்கலை. "கோர்ஸ்"ங்கற ஒரு வார்த்தைக்கே மூணு அர்த்தம் வச்சிருந்தோம். கேப்டனுக்குக் கோர்ஸ்னா புத்தகம். சார்ஜனுக்குக் கோர்ஸ்னா வேர்த்து விறுவிறுத்து முன்னால நிக்கற பசங்க. எனக்கு அது ஒரு நம்பர். ஒரு நாள் கோவத்துல கேப்டன்கிட்ட, "துவான், நீங்க எழுதற பாடத்தைப் படிச்சா எனக்கே தூக்கம் வருது, காட்டுல நின்னு கேக்கறவன் பாவம் என்ன செய்வான்?"னு சொல்லிட்டேன். சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். கேப்டன் கையில இருந்த பாடத்தை மூடி வச்சாரு. அப்புறம், "எனக்கும் வருது, ஸ்டாஃப்"னாரு.

அதுக்கப்புறம் நாங்க மூணு பேரும் ஒண்ணாச் சாப்பிட ஆரம்பிச்சோம். நான் ஜெராம்ல இருந்து எறா கருவாடு வாங்கிட்டு வந்து சம்பல் செஞ்சு எடுத்துக்கிட்டுப் போவேன். சார்ஜன் அதை வெறும் சோத்துல போட்டுப் பிசைஞ்சு, கண்ணுல தண்ணி வர வரச் சாப்பிட்டுட்டு, "இன்னும் இருக்கா?"ம்பாரு. கேப்டன் வீட்டுல இருந்து ரெண்டாங் கொண்டு வருவாரு, தேங்காப்பால்ல சுண்டச் சுண்ட வச்ச எறச்சி. சோத்து டப்பா எங்களைச் சேத்து வச்சதுல பாதிகூட கம்ப்யூட்டர் சேத்து வைக்கலைன்னு நான் இன்னைக்கும் சொல்லுவேன். அந்த அறையில ஒரு காத்தாடி இருந்துச்சு, சுத்தும்போது கடகடன்னு சத்தம். அந்தச் சத்தத்தோட பேசிப் பேசியே எனக்குத் தொண்டை பெருசாயிருச்சுன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. எனக்கு அது பொறவிக் குரலு, அந்த மனுசனுக்கு இத்தனை வருஷத்துல தெரியலையா?

ஒரு வழியா முறை தொறந்தாச்சு. என்ன சந்தோஷம் தெரியுமா? கேப்டன் ஒரு பாடத்தை மாத்தினா அன்னைக்கே சார்ஜன் கையில இருக்கற டேப்லெட்ல வந்து நிக்கும். சார்ஜன் ஒரு பையனைப் பாஸ் பண்ணினா என் திரையில பச்சை விழும். பச்சை விழற ஒவ்வொரு தடவையும் நான் "ஆஹா"ம்பேன். பக்கத்து மேசைக்காரி, "ஸ்டாஃப், போதும் லா"ன்னு காதைப் பொத்திக்குவா.

அந்தச் சந்தோஷத்துல இருக்கும்போதுதான் அந்தக் கோப்ரல் வந்து நின்னான். எங்க கேம்பு லோரி டிரைவரு, எங்க ஜெராம் பக்கத்துப் பையன். பையன்னு நான் சொல்றேன், நாப்பதைத் தாண்டினவன். ஆபீஸ்ல என்னை "ஸ்டாஃப்"ம்பான், வெளிய பாத்தா "அக்கா"ம்பான். அன்னைக்கு ரெண்டும் கலந்து வந்துச்சு.

"ஸ்டாஃப், ஒரு சந்தேகம் அக்கா. நான் எந்த யூனிட்டு?"

"என்னடா கேள்வி இது? வெயில்ல லோரி ஓட்டி ஓட்டி மண்டை காஞ்சு போச்சா?"

"இல்லக்கா. சார்ஜன் கோர்ஸுக்கு எங்க அதிகாரி பேரு குடுக்கப் பாத்தாரு. புது முறையில எங்க யூனிட்டைத் தட்டினா எல்லாப் பேரும் வருது, என் பேரு மட்டும் வரலை."

இதுல எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியும். கோப்ரலுக்குத் தோள்ல ரெண்டு பட்டை, சார்ஜனுக்கு மூணு. அந்த மூணாவது பட்டைக்கு இந்தக் கோர்ஸ் முடிச்சாகணும். ஒரு தடவை பேரு வந்தப்ப இவன் கால் ஒடைஞ்சு கெடந்தான். இன்னொரு தடவை வெள்ள நிவாரண வேலைக்கு கிளந்தான் போயிட்டான். இந்தத் தடவை விட்டா வயசு தாண்டிரும், அப்புறம் கோப்ரலாவே வெளிய போகணும். அதைவிட இன்னொரு கொடுமை இருந்துச்சு. அதை அவனே என் மேசைக்கு முன்னால நின்னு, கொரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"எங்கப்பா ஜெராம்ல எல்லார்கிட்டயும் என்னை சார்ஜன்னு எப்பவோ சொல்லிட்டாருக்கா. கோயில்ல, காப்பிக் கடையில, மீன் விக்கற சீனன்கிட்டகூட. அவரைப் பொய்யனாக்கிட்டு நான் வீட்டுக்குப் போக முடியாது."

பேரு குடுக்க வெள்ளிக்கிழமை கடைசி. நான் அவன் பட்டாள நம்பரைத் தட்டினேன். ஆளு வந்தான். பேரு இருக்கற இடத்துல அவன் பேரும் ஒரு "ஏ"யும் மட்டும் இருந்துச்சு. யூனிட்டு இருக்கற இடத்துல "எல்"லுன்னு போட்டு, அதுக்குப் பக்கத்துல அவங்கப்பா பேரு.

எனக்கு ஒண்ணும் புரியலை. அப்புறம் பொறி தட்டுச்சு. நம்ம பேரை இந்த நாட்டுல எப்படி எழுதறோம்? நம்ம பேரு, அப்புறம் ஏ, ஒரு சாஞ்ச கோடு, எல். ஏ/எல். அனாக் லெலாக்கி, இன்னாரோட மகன். பொம்பளைன்னா ஏ/பி, அனாக் பெரெம்புவான், இன்னாரோட மகள். அதுக்கப்புறம் அப்பா பேரு. நமக்குக் குடும்பப் பேரு கெடையாது, அப்பன் பேருதான் வால். புது முறை செஞ்சவங்க சாஞ்ச கோட்டைப் பாத்தா, அங்க பேரு முடிஞ்சு யூனிட்டு ஆரம்பிக்குதுன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆளு, அந்தப் பக்கம் யூனிட்டு. மலாய்க்காரருக்கு மகன்னா "பின்", கோடு இல்ல. சீனருக்கு வாலே இல்ல. நம்ம ஈபான் சார்ஜனுக்கும் "அனாக்"தான், ஆனா அவங்க அதை முழுசா எழுதுவாங்க. மையை மிச்சம் பிடிச்சது நாம மட்டும்தான். கேம்புல இருந்த அத்தனை தமிழனும் அவனவன் அப்பன் பட்டாளத்துல போய்ச் சேந்துட்டான்!

சிரிச்சேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். கோப்ரல் பாவம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறான், நான் சிரிக்கறேன். அப்புறம் சும்மா என் நம்பரையும் தட்டிப் பாத்தேன். யூனிட்டு: பி. பக்கத்துல எங்கப்பா பேரு.

சிரிப்பு அப்படியே நின்னுச்சு. எங்கப்பா எஸ்டேட்டுல செம்பனைப் பழக்குலை ஏத்தற லோரியில வேலை செஞ்சவரு. நான் பட்டாளத்துல சேந்தப்ப ஒரு வருஷம் என்கூடப் பேசலை. அப்புறம் பேசினாரு. நான் சார்ஜன் ஆகறதுக்கு முன்னாலயே போயிட்டாரு. இப்ப அவரு பேரு கம்ப்யூட்டர்ல ஒரு யூனிட்டா நிக்குது, அதுல நான் ஒருத்திதான் சிப்பாய். அதை மாத்தவே எனக்கு மனசு வரலை. கோப்ரல் தொண்டையைக் கனைச்சான். சரி, நம்ம பாடு இருக்கட்டும்னு எழுந்திருச்சேன்.

கேப்டன்கிட்ட போனோம். அவரு பாத்தாரு, தலையில கை வச்சாரு. முறை செஞ்ச கம்பெனிக்காரங்களைக் கூப்பிட்டாரு. நான் அதுக்குள்ள புத்திசாலித்தனமா, கோப்ரல் பேர்ல இருந்த கோட்டை எடுத்துட்டு, யூனிட்டையும் நானே சரியாத் தட்டி வச்சேன். மறுநாள் காலையில பாத்தா பழைய குருடி கதவைத் தொறடிங்கற கணக்கா எல்லாம் முன்ன மாதிரியே இருக்கு. என்னன்னா, தினமும் விடியறதுக்குள்ள தலைமையகத்துப் பெரிய பதிவுல இருந்து எல்லாப் பேரும் புதுசா இறங்குமாம். நாம கையால தட்டினதெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிருமாம், அதை வச்சுக் கோர்ஸுல ஏத்தின பேரும் கூடவே போயிருமாம்.

கம்பெனிக்காரங்க சொன்னது இதுதான். கோட்டைப் பேரோட சேத்துப் படிக்க முறைக்குச் சொல்லிக் குடுக்கலாம், ஆனா அது அடுத்த பதிப்புலதான் வரும், அதுக்கு மாசக்கணக்குல ஆகும். உடனே செய்யக்கூடியது ஒண்ணே ஒண்ணு. கோட்டுக்கு முன்னால நிக்கற "ஏ"யையும் அப்புறம் வர்றதையும் எங்கயும் போடாம விட்டுடச் சொல்லலாம். அப்ப யூனிட்டு சரியாயிரும், கோர்ஸுக்குப் பேரு போயிரும். ஆனா புது முறைக்குள்ள அப்பா பேரு இருக்காது.

"சர்ட்டிபிகேட்ல?"

"பழைய பதிவுல இருந்து தனியா அடிச்சுக்கலாம், ஸ்டாஃப். திரையில மட்டும்தான் இருக்காது"ன்னாரு கேப்டன்.

"திரையில மட்டும்னு லேசாச் சொல்றீங்க துவான். ஒங்க 'பின்'னை எடுத்துட்டு ஒங்க அப்பா பேரைத் தூக்கிப் போட்டா சும்மா இருப்பீங்களா?"

கேப்டன் மூஞ்சி சிவந்துச்சு. நல்ல மனுசன், எனக்கே ஒரு மாதிரியாயிருச்சு. "மாட்டேன். அதனாலதான் நான் முடிவு பண்ணலை. பதிவுப் பிரிவு சம்மதம் இல்லாம இதைச் செய்யக் கூடாது. நீங்க சொல்லுங்க"ன்னாரு. பந்து என் காலுக்கு வந்துருச்சு. அன்னைக்கு வியாழக்கிழமை.

நான் சம்மதிக்கறதா இல்ல. எம்.பி.கிட்ட போவேன், பேப்பர்ல போடுவேன், என்னென்னவோ சொல்லிக் குதிச்சேன். ஈபான் சார்ஜன் சம்பலை வழிச்சுக்கிட்டே, "குதி, குதி. குதிச்சு முடிச்சுட்டு அந்தப் பையனைப் போய்க் கேளு"ன்னாரு.

கேக்கப் போனேன். லோரிக் கொட்டகையில டயரைக் கழட்டிக்கிட்டு இருந்தான். எல்லாத்தையும் எடுத்துச் சொன்னேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை அவன்.

"எடுத்துடுங்கக்கா."

"ஒங்கப்பா பேருடா!"

"அப்பா வீட்டுல பத்திரமா இருக்காருக்கா. கோர்ஸ்தான் இல்ல."

வந்து சம்மதம்னு கையெழுத்துப் போட்டேன். பேனாவைத் தூக்கி எறிஞ்சது உண்மை. பக்கத்து மேசைக்காரி பொறுக்கிக் குடுத்தா. மறுநாள் காலையில எல்லாரும் அப்பன் பட்டாளத்தை விட்டு அவனவன் யூனிட்டுக்குத் திரும்பி வந்திருந்தாங்க, வால் இல்லாம. வெள்ளிக்கிழமை மத்தியானம் கோப்ரல் பேரு கோர்ஸுல ஏறுச்சு. என் திரையில பச்சை விழுந்துச்சு, நான் "ஆஹா" சொல்லலை. அடுத்த பதிப்புல ஏ/எல், ஏ/பி எல்லாம் திரும்பி வந்துருச்சு, அதையும் சொல்லிடறேன், இல்லாட்டி அந்தக் கம்பெனிக்காரங்க பாவம். ஆனா அது வந்தப்ப இந்தக் கோர்ஸ் முடிஞ்சு போயிருந்துச்சு.

கோர்ஸ் நல்லா நடந்துச்சு. புது முறையில நடந்த முதல் சார்ஜன் கோர்ஸ் அது. பசங்க எங்க தடுமாறறாங்கன்னு சார்ஜன் தட்டி விட்டா, கேப்டன் அன்னைக்கே அந்தப் பாடத்தைத் திருத்துவாரு. கோப்ரலுக்கு மேப் பாக்கற பாடம் மண்டையில ஏறலை. அவன் ஒருத்தன் இல்ல, பாதிப் பேருக்கு ஏறலை. முந்தியெல்லாம் "பசங்க மக்கு"ன்னு எழுதி மூடியிருப்போம். இப்ப கேப்டன் பாத்துட்டு, "பாடம்தான் மக்கு"ன்னு சொல்லி மாத்தி எழுதினாரு. இதுக்குத்தானே இத்தனை மல்லுக்கட்டினோம்னு எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. கோப்ரல் பாஸ். மூணாவது பட்டை உத்தரவு பின்னாலதான் வரும், ஆனா இனி அது வந்தாகணும்.

முதல் கோர்ஸுங்கறதால முடிவு விழாவுக்குக் குடும்பத்தையும் கூப்பிடலாம்னு அனுமதி குடுத்தாங்க. கோப்ரலோட பொஞ்சாதிக்கு ரவாங் பேக்டரியில லீவு கெடைக்கலை. "அக்கா, அப்பாவை மட்டும் கூட்டிட்டு வந்துருங்க"ன்னு கேட்டான். முந்தின நாள் நான் ஜெராம்ல அண்ணன் வீட்டுலதான் இருந்தேன், அதனால காலையில போய்க் கூட்டிக்கிட்டேன்.

வாசல்ல தயாரா நின்னாரு. வெள்ளைச் சட்டை, நெத்தியில திருநீறு, சட்டைப் பையில சீப்பு. காடியில ஏறினதுல இருந்து பேச்சுத்தான். பெஸ்தாரி ஜெயான்னு போர்டைப் பாத்துட்டு, "இது பத்தாங் பெர்ஜுந்தைம்மா, பேரை மாத்தினா ஊரு மாறிருமா?"ன்னாரு. கண்ணுல புரை வளந்திருந்துச்சு, போர்டை எப்படிப் படிச்சாருன்னு தெரியலை, ரோட்டுத் திருப்பத்தை வச்சே கண்டுபிடிச்சிருப்பாரு. "எம்மவன் சார்ஜன் ஆயி ரொம்ப நாளாச்சு, இன்னைக்கு எதுக்கு விழா?"ன்னு கேட்டாரு. "பெரிய சார்ஜன் ஆகறாரு மாமா"ன்னேன். அப்படின்னு ஒண்ணு கெடையாது. ஆனா அவரு தலையை ஆட்டிக்கிட்டாரு.

திடல்ல பந்தல் போட்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தாங்க. நான் மாமாவோட உக்காந்தேன். தூரத்துல பசங்க வரிசையா நின்னாங்க, எல்லாரும் ஒரே உடுப்பு, ஒரே தொப்பி. மாமா கண்ணை இடுக்கிப் பாத்தாரு. "ஒண்ணும் தெரியலைம்மா. பரவால்ல. எங்க எஸ்டேட்டுப் பெரட்டு மாதிரித்தான் இருக்கு. விடியக்காலையில இப்படித்தான் நிப்போம். கணக்கெழுதற கிராணி பேரைக் கூப்பிடுவாரு, அப்பன் பேரைச் சேத்து. ஒரே பேர்ல நாலு பேரு இருப்பானுங்க இல்ல? பேரு காதுல விழுந்தா, இருக்கேங்கன்னு சத்தம் குடுக்கணும். குடுக்கலைன்னா அன்னைக்குச் சம்பளம் இல்ல"ன்னாரு. அப்புறம் காது கிட்ட கையை வச்சுக்கிட்டாரு. "எம்மவனுக்குப் பொறப்புப் பத்திரத்துல கிராணி எழுதின பேரு எனக்கே சரியா வாயில வராது, வீட்டுல கூப்பிடறது வேற பேரு. ஆனா எம்பேரு வரும்ல, அப்பத் தெரிஞ்சுக்குவேன்."

அப்பதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. மேடையில ஒரு அதிகாரி டேப்லெட்டைக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு. திரையில என்ன இருக்கோ அதைத்தான் வாசிப்பாரு. கோர்ஸ் கெடைக்கணுமேன்னு பறந்த பறப்புல, இந்த நாளைப் பத்தி ஒரு ஆளும் யோசிக்கலை. நான் எந்திரிக்கறதுக்குள்ள வாசிக்க ஆரம்பிச்சுட்டாங்க. பின், பின், பின். நம்மாளு ஒருத்தன் பேரு வந்துச்சு, மொட்டையா. கோப்ரல் பேரு வந்துச்சு. மலாய் ஒலியில, ஒத்தைப் பேரு, வந்த வேகத்துல போயிருச்சு. அவன் முன்னால வந்து சர்ட்டிபிகேட் வாங்கினான், சல்யூட் அடிச்சான், திரும்பினான். நான் கை தட்டினேன். "மாமா, அதோ, அதோ"ன்னேன். அவரு என் கையைத் தட்டி விட்டாரு.

"சும்மா இரும்மா. பேரு வாசிக்கறாங்க, கேக்கணும்."

கடைசிப் பேரு வரைக்கும் காதுல இருந்து கையை எடுக்கலை. பேண்டு வாசிச்சாங்க. சனம் எழுந்து பலகாரம் இருக்கற பக்கம் போச்சு. அவரு அப்படியே உக்காந்திருந்தாரு.

"எம்மவனைக் கூப்பிடலையேம்மா."

"கூப்பிட்டாங்க மாமா. வாங்கிட்டாரு. நான் என் கண்ணால பாத்தேன்."

"எம்பேரு வரலையே."

வாயாடின்னு பட்டாளம் பூராப் பேரு வாங்கினவ நான். கம்ப்யூட்டரு, கோடு, அடுத்த பதிப்பு, இதையெல்லாம் அவருகிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது? எனக்கு அழுகையா வந்துச்சு. யூனிஃபார்ம்ல அழக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

கோப்ரல் ஓடி வந்தான், மூஞ்சியெல்லாம் பல்லு. மாமா நிமிந்து பாத்தாரு. "ஏன்டா ஒன்னைக் கூப்பிடலை? பெயிலாயிட்டியா? எங்கிட்டச் சொல்லு, நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்"னாரு.

அவன் என்னைப் பாத்தான். நான் என் பூட்ஸைப் பாத்தேன். அவனுக்குப் புரிஞ்சு போச்சு. சர்ட்டிபிகேட்டை என் கையில குடுத்தான். பின்னால ரெண்டு எட்டு போயி, அப்பாவுக்கு நேரா நின்னு, குதிகாலைச் சேத்தான். திடல் பூராக் கேக்கற மாதிரி பட்டாள நம்பரைக் கத்தினான், கோப்ரல்னு கத்தினான், கிராணி எழுதின அந்தப் பேரைக் கத்தினான். "அனாக் லெலாக்கி!"ன்னான். அப்புறம் அவங்கப்பா பேரை, ஒவ்வொரு எழுத்தா, முழுசாச் சொன்னான். பலகாரத் தட்டோட நின்னவங்கள்லாம் திரும்பிப் பாத்தாங்க.

மாமா நாற்காலியை விட்டுச் சட்டுன்னு எழுந்திருச்சாரு. ரெண்டு கையையும் தொடையோட ஒட்டி வச்சு, நெஞ்சை நிமித்திக்கிட்டு, அந்தத் திடல்ல அவரும் சத்தம் குடுத்தாரு.

"இருக்கேங்க!"